மூன்று ஹலோவுக்குப் பிறகு

மார்ச் 3, செவ்வாய்

வண்டிக்கு ஆயில், தண்ணீர், காற்று எல்லாம் பார்த்தாயிற்று. மெக்கானிக் ஸ்டெப்னியைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "தனியாவாம்மா போறீங்க?" என்றார். "தனியா எங்கே, நாலு சக்கரம் கூட வருதே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

மகன் காலையிலிருந்து விட்டுவிட்டுப் போன் பண்ணுகிறான்.

"அம்மா, ட்ரெயின்ல போயேன்."

"ட்ரெயின் தோட்டத்து வாசல்ல நிக்குமாடா?"

"முதுகு வலிய வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் ஓட்டுவியா?"

"முதுகு வலிக்குத்தாண்டா தோட்டம்."

இது பொய் இல்லை. முதுகுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், ஒரேயடியாக உட்காராதீர்கள், அவ்வப்போது இறங்கி நடங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். லாரிகளுக்கு நடுவில் நான் எங்கே நடக்கட்டும்? அதனால்தான் வழியில் எந்தெந்த ஊரில் பூங்கா, தோட்டம் என்று தேடிவைத்தேன். தோட்டம் என்றால் நிழல் இருக்கும், பெஞ்சு இருக்கும், கழிவறை இருக்கும். என் வயதில் கடைசியாகச் சொன்னதுதான் முதல் தேவை.

ஆனால் அவனிடம் பாதியைத்தான் சொன்னேன். டெலிபோன் எக்சேஞ்சில் என் வரிசையில் உட்கார்ந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். எங்களுக்குள் பட்டப்பெயர்தான்: குருவி, தந்தி, வெண்கலம். மீதிப் பாதி இதுதான்: குருவியும் தந்தியும் வழித்துணை. நான் போவது வெண்கலத்தைப் பார்க்க. பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க. நான் உனக்கு வேணுமா, வேண்டாமா?

இரண்டு வருஷமாகிறது அவள் என்னோடு பேசி. சண்டையா, கிடையாது. ஒரு வார்த்தை தடித்ததில்லை. போன் பண்ணினால் அவள் வீட்டுக்காரர் எடுக்கிறார். "தூங்குறாம்மா." "குளிக்கிறாம்மா." "இப்பதாம்மா கடைக்குப் போனா." அந்த மனுஷருக்குப் பொய் சொல்லக்கூட வராது, சொல்லிவிட்டு இருமுவார். அவள் மட்டும் தினமும் காலையில் என் செல்லுக்கு ஒரு பூவின் படம் அனுப்புகிறாள். ஒரு எழுத்து கிடையாது. பூ. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரோடு பேசினவள், எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டதா?

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுப் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ."

பதில் இல்லை.

"ஹலோ?"

எங்கோ தகரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"ஹலோ! வாய்ல என்ன கொழுக்கட்டையா? பேச இஷ்டமில்லாதவங்க எதுக்குய்யா போன் பண்றீங்க?"

வைத்துவிட்டேன். எக்சேஞ்ச் சட்டம் இன்னும் கையில் ஊறிக் கிடக்கிறது. மூன்று ஹலோ, பதில் இல்லையா, கம்பியை உருவு. அடுத்தவர் காத்திருக்கிறார். இந்த மாதிரி ஊமை அழைப்பு வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்துவிடுகிறது. வேலை வெட்டி இல்லாத ஜனங்கள்.

மார்ச் 4, புதன்

கிளம்பிவிட்டேன்! இவர் இருந்தவரை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "நீ பேசு, நான் ஓட்டுறேன்" என்பார். இன்றைக்கு நானே பேசி நானே ஓட்டினேன். காருக்குத் தக்காளி என்று பெயர். நிறம் அப்படி, நசுங்கலும் அப்படி.

முதல் நிறுத்தம் ஒரு ரோஜாத் தோட்டம். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு பலகை, வெயிலில் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் பலகை. காவலாளி விசில் ஊதினார். திரும்பிப் பார்த்தால் என்னைத்தான். "அம்மா, புல்லு மேல நடக்கக் கூடாது." "மன்னிச்சுக்குங்க, புல்லு ரொம்ப மெத்துனு இருந்துச்சு" என்றேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆமா, நேத்துதான் வெட்டினோம்" என்றார் பெருமையாக.

பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு நிற ரோஜா ஒன்றைப் படம் எடுத்து வெண்கலத்துக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: பூ அனுப்ப எங்களுக்கும் தெரியும். ஒரு நிமிஷம் ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. அவள் வீட்டுச் செம்பருத்தி. எழுத்து? ம்ஹூம்.

செல்லைப் பைக்குள் போட்டுவிட்டேன். அப்புறம் எடுத்து அந்தச் செம்பருத்தியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் அவள் கட்டைவிரல் தெரிந்தது. நகத்தில் மண்.

மார்ச் 5, வியாழன்

குருவி வீடு. ஆறாவது மாடி, பால்கனி முழுக்கத் தொட்டிகள். தக்காளி, புதினா, ஒரு வெண்டைக்காய்ச் செடி. "என் ஏக்கர் கணக்கான தோட்டத்துக்கு வா வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவைச் சாத்த முடியாது.

நேற்று சாயங்காலம் வந்திறங்கியதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. ஹெட்செட் மாட்டிய காது. "வலது பக்கம் வந்து உட்காருடி, இது ரிடையர் ஆயிடுச்சு" என்று என் நாற்காலியை மாற்றிப் போட்டாள். எனக்கும் இடதுதான் மந்தம். ஆளுக்கு ஒரு நல்ல காதோடு எப்படி உட்கார்ந்தாலும் ஒருத்திக்குக் கேட்கவில்லை. கடைசியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மருமகள் சிரித்துச் சிரித்துத் துவண்டுவிட்டாள்.

மத்தியானம் ஒரு வேடிக்கை. சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்க உட்கார்ந்திருந்தேன். குருவி கரண்டியால் மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். டொக், டொக். நான் எழுந்து நின்றுவிட்டேன்! எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாரு, உடம்பு மறக்கல!"

மருமகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கால் இணைக்கிற போர்டில் உட்கார்ந்தால் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. லைனில் இருப்பவருக்குக் கேட்டுவிடும். அதனால் பென்சிலால் பலகை விளிம்பில் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் கழுகு வருகிறது. கழுகு என்பது எங்கள் மேற்பார்வை அம்மா. முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பாள். இரண்டு தட்டு என்றால் டீக்குப் போகலாம் வா. படபடவென்று மழை மாதிரி தட்டினால் அது சிரிப்பு. வாயால் சிரிக்க முடியாதே! எவனாவது லைனில் அசட்டுத்தனமாக எதையாவது சொல்லிவிட்டால் நாலு பென்சிலும் படபடக்கும். கழுகு வந்து, "என்ன சத்தம்?" என்றால், முகத்தைத் தூங்குகிற பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வோம்.

அப்புறம் வெண்கலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. எப்படி வராமல் இருக்கும்? அவள் "லைனில் இருங்கள்" என்று சொன்னால் கணீரென்று மண்டபத்து மணி அடித்த மாதிரி இருக்கும். சும்மா அவள் குரலைக் கேட்கவே கால் புக் பண்ணுகிறவர்கள் உண்டு. அவள் வீட்டுக்காரரே அப்படி வந்தவர்தான். மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். யாரும் எடுக்காத ஒரு நம்பருக்குத் தினமும் கால் கேட்பார். "ரிங் போகுது சார், யாரும் எடுக்கல" என்று இவள் சொல்ல வேண்டும், அவருக்கு அதுதான் வேண்டும். கடைசியில் ஒரு நாள் இவள், "சார், அந்த நம்பர்ல நாலு மாசமா யாரும் இல்ல. உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு எங்கள் பென்சில்கள் உடைந்தன.

"உன்கிட்டயாவது பேசுறாளா?" என்று குருவியைக் கேட்டேன்.

"எனக்கும் பூதான். நேத்து செம்பருத்தி."

"எனக்கும் அதேதான் வந்துச்சு!"

"பாத்தியா, தனியாக்கூட எடுக்கல, ஒரே பூவ எல்லாருக்கும் தள்ளிவிடுறா. விட்டுத் தள்ளுடி. நாம வேண்டாம்னு ஆயிட்டோம்."

"அத அவ வாயால சொல்லட்டும். அப்ப விடறேன்" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

மழை. கண்ணாடிக் கூண்டு வைத்த பெரிய தோட்டம் ஒன்றில் ஒதுங்கினேன். உள்ளே கள்ளிகள். ஒரு கள்ளியின் தலையில் ஒரே ஒரு இளஞ்சிவப்புப் பூ. என்னைப் பார்ப்பது போலிருந்தது. உடம்பெல்லாம் முள், ஆனாலும் பூக்கிறது! வெண்கலத்துக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

பதிலுக்குச் சங்குப்பூ வந்தது.

மார்ச் 7, சனி

தந்தி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். நாத்தனாரும் இவளும் சேர்ந்து. நாத்தனார் பேச்சு, இவள் வேலை. வாசலில் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "வந்தியா. உட்கார். தண்ணி குடி." அவ்வளவுதான் வரவேற்பு. ஆனால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மண் கையோடு.

முழு நாளும் அவள் பின்னாலேயே சுற்றினேன். வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள், மேலே பச்சை வலை, வலைக்குக் கீழே வெயில் பொடிப்பொடியாக விழுகிறது. முதுகு வலி இருக்கும் இடமே தெரியவில்லை. செடி வாங்க வருகிறவர்கள் நாத்தனாரிடம் கதை பேசுகிறார்கள், தந்தியிடம் கேள்வி கேட்கிறார்கள். "இது வெயில்ல வைக்கலாமா?" "கூடாது." "தினமும் தண்ணி ஊத்தணுமா?" "வேண்டாம்." வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பாள். எக்சேஞ்சிலேயே அப்படித்தான், அதனால்தான் அந்தப் பெயர்.

சாயங்காலம் சொன்னேன். "நாளைக்கு வெண்கலம் வீட்டுக்குப் போறேன். நல்லா நாலு வார்த்தை கேக்கப் போறேன்."

அவள் ஒரு நாற்றைப் பையிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"திட்டாதே."

"ஏன்? நீ அவகிட்ட பேசுறியா?"

"செடி கொண்டுபோய்க் கொடுப்பேன்."

"பேசுறியா?"

"போய்ப் பார்."

"என்னடி மறைக்கிற?"

"சத்தியம் வாங்கிட்டா. போய்ப் பார்."

அதற்கு மேல் இடுக்கி வைத்து இழுத்தாலும் வராது. சரி, வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு மல்லிகைத் தொட்டியை எடுத்தேன். மொட்டு விட்டிருந்தது, பக்கத்தில் நின்றாலே மணம். தந்தி என் கையிலிருந்து அதை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். காகிதப்பூச் செடியை நீட்டினாள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு.

"வாசனை வேண்டாம். கலர் போதும்."

இவளுக்கு என்ன ஆயிற்று? வெண்கலம் என்றைக்கு மல்லிகை வேண்டாமென்றாள்? தலை நிறைய வைத்துக்கொண்டு வருவாளே, போர்டு முழுக்க மணக்குமே. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எழுத வரவில்லை. நாளைக்கு.

மார்ச் 9, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

நேற்று முற்பகல் போய்ச் சேர்ந்தேன். சின்ன வீடு, முன்னால் பெரிய தோட்டம். வீட்டுக்குத் தோட்டமில்லை, தோட்டத்துக்கு ஒரு வீடு. செம்பருத்தி, சங்குப்பூ, கல்வாழை, காகிதப்பூவில் நாலு நிறம். தினமும் எனக்கு வந்துகொண்டிருந்த பூவெல்லாம் அங்கே செடியில் நின்றன. நான் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். மல்லிகை இல்லை. மணக்கிற செடி ஒன்றுகூட இல்லை. அப்போது அதைக் கவனித்தேன், யோசிக்கவில்லை.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பாதி தலை நரைத்திருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் தொண்டையில் தயாராக இருந்தது.

"ஏய் வெண்கலம்! ஆளு இருக்கியா, இல்ல பூ மட்டுந்தானா?"

திரும்பினாள். முதலில் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, நான் பார்த்தேன், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அடுத்த நொடி கை கழுத்துக்குப் போயிற்று. கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். அதற்கு அடியில் — என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு துளை. அதன் வழியாக மூச்சு வந்து போயிற்று.

வாயைத் திறந்தாள். உதடு என் பெயரைச் சொன்னது. எக்சேஞ்சில் எனக்கு வைத்த பெயரை, மிளகாய் என்று. சத்தம் வரவில்லை.

ஐயோ, நான் என்ன பண்ணேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. காகிதப்பூத் தொட்டிய எங்க வச்சேன்னு தெரியல. அவள அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவதான் என் முதுகத் தட்டிக் குடுத்தா. நோயாளி அவ, தேத்துனது அவ. அந்தத் துணி வழியா அவ மூச்சு என் கழுத்துல பட்டுச்சு, சூடா. அவ உயிரோட இருக்கா, அதுக்காவது சந்தோஷப்படுடின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அண்ணன் ஓடி வந்தார். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவது. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், "தூங்குறாம்மா" என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போய் நின்றார். இருமினார்.

அவர்தான் சொன்னார். குரல்வளையில் கட்டி. எடுத்துவிட்டால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்றார்கள். எடுத்துவிட்டார்கள். இப்போது கட்டி இல்லை, சோதனையெல்லாம் சுத்தமாக இருக்கிறது. கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் போட்டுவிட்டாளாம். மூக்கு வழியாக மூச்சு இல்லையென்பதால் வாசனையும் தெரிவதில்லை.

மல்லிகை. தந்தி என் கையிலிருந்து வாங்கி வைத்த அந்த மல்லிகை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "எங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்டடி சொல்லுவ? தந்திக்கு மட்டும் தெரியலாம், நாங்க என்ன ஆகாதவங்களா?"

அவள் செல்லை எடுத்துத் தட்டினாள். விரல் வேகமாகப் போயிற்று. போர்டில் கம்பி மாற்றிய விரலல்லவா. திரையை என் பக்கம் திருப்பினாள்.

தந்திகிட்ட பேச வேண்டியதே இல்ல. உங்ககிட்ட பேசாம இருக்க முடியாது.

அப்புறம் அதை அழித்துவிட்டு இன்னொன்று எழுதினாள். இதற்கு நேரமாயிற்று.

உங்க காதுலயாவது என் குரல் பழைய மாதிரியே இருக்கட்டும்னு நெனச்சேன். விஷயம் தெரிஞ்சா அது போயிடும். அழுகைதான் இருக்கும்.

மூக்கைச் சிந்திக்கொண்டேன். அண்ணன் பக்கத்தில் நின்றபடி, "நான் இவ குரலக் கட்டிக்கிட்டேன்னு இவளுக்கு நெனப்பும்மா" என்றார். "ஆபரேஷனுக்கு முன்னாடி என்னப் பாத்து, இனிமே உங்களுக்கு நான் எதுக்குன்னு கேட்டா. கடைசியாப் பேசுன பேச்சு அது. அதப் போய்ப் பேசலாமா?" அவர் குரல் உடைந்துவிட்டது. இவள் அவர் கையைத் தொட்டாள். அவர் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவை நேராக வைத்துவிட்டாள்.

காபி போடுகிறேன் என்று அண்ணன் உள்ளே போனார். நானும் முகம் கழுவ உள்ளே போனேன். கூடத்தில் ஜன்னலோரம் ஒரு மேடை, அதில் பழைய கறுப்புப் போன். ஜன்னலுக்கு வெளியே தோட்டத்துக் குழாய், சரியாக மூடாமல், கீழே வைத்த தகர வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

டங். டங். டங்.

நான் அசையவில்லை. சத்தத்தைக் கேட்டே இது எந்த ஊர் லைன் என்று சொன்னவர்கள் நாங்கள். ஒரு காது போனாலும் இன்னொரு காது என்னுடையதுதானே. இந்தச் சொட்டு எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு என்ன சொன்னேன் என்றும் தெரியும்.

பின்னால் அவள் வந்து நின்றாள்.

"அது நீயா?" என்றேன். "வீட்டுக்குப் போன் பண்ணிட்டுப் பேசாம இருந்தது நீயாடி?"

அவள் முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினாள்.

வாய்ல கொழுக்கட்டை.

நான் சிரிக்கவா, அழவா? இரண்டும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. அவள் என் தலையில் தட்டினாள். "உன்னப் போயா திட்டினேன்... பாவி, நான் பாவி" என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மறுபடி எழுதினாள்.

திட்டு கேக்கத்தான் பண்ணேன். முதல் ஹலோ மரியாதை. ரெண்டாவது சந்தேகம். மூணாவதுதான் நீ. அதுக்காகக் காத்திருப்பேன். அப்புறம் வச்சுடுவே.

"வைக்காம என்ன பண்றது? மூணு ஹலோவுக்கு மேல சட்டம் இல்லியே" என்றேன்.

மறுபடி தோட்டத்தில் உட்கார்ந்தோம். நான் பேசினேன், அவள் எழுதினாள். எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை, தெரிந்தது. நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணில் பதில் வந்துவிடுகிறது, விரல் பின்னால் ஓடி வருகிறது, வந்து சேர்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. சிரித்தால் தோள் மட்டும் குலுங்குகிறது. பேச்சு நின்று நின்று போயிற்று. நான் குருவியின் காதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், முகம் அசட்டுச் சிரிப்பு சிரித்தது, மனசுக்குள், இவ்வளவுதானா இனிமேல், இவ்வளவுதானா என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அண்ணன் காபித் தட்டோடு சத்தமில்லாமல் பின்னால் வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அவள் கையிலிருந்த குச்சியால் பூவாளியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

டங்.

நான் சடக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, வாயை மூடிக்கொண்டேன். அவளும் அப்படியே. இரண்டு கிழவிகள், பெஞ்சில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

"என்னாச்சு?" என்றார் அண்ணன், தட்டோடு பயந்துபோய்.

கழுகு வந்துவிட்டது! நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் குச்சி பூவாளியின் மேல் இறங்கியது. படபட படபட படபடவென்று, மழை மாதிரி. நான் காலடியில் கிடந்த இன்னொரு குச்சியை எடுத்துப் பெஞ்சில் தட்டினேன். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். சத்தமாகச் சிரித்தோம். அண்ணன் ஒன்றும் புரியாமல் காபியை வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் செல்லை அவள் எடுக்கவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். தக்காளியின் நசுங்கலைப் பார்த்து படபடவென்று கூரையில் தட்டினாள். என்ன கொழுப்பு!

கேட்க வந்த கேள்வியைக் கேட்கவே இல்லை.

மார்ச் 12, வியாழன்

வீடு. முதுகு பரவாயில்லை. குருவிக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். வெண்கலமே சொல்லச் சொன்னாள். குருவி போனிலேயே அழுதாள். அப்புறம், "அடுத்த மாசம் என்னையும் தக்காளில ஏத்திக்கிட்டுப் போடி" என்றாள்.

வெண்கலத்திடம் வாங்கிவந்த சங்குப்பூ விதையை ஜன்னலோரத் தொட்டியில் ஊன்றினேன்.

மார்ச் 20, வெள்ளி

முளை விட்டிருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மகன் காலையிலேயே வந்தான். அம்மா தனியாக ஊர் சுற்றிவிட்டு முழுசாகத்தான் இருக்கிறாளா என்று பார்க்க. தக்காளியைச் சுற்றிச் சுற்றி வந்து புது நசுங்கல் தேடினான். கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றந்தான் அவனுக்கு.

நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கை முழுக்க சோப்பு நுரை. வீட்டுப் போன் அடித்தது. "நான் எடுக்கிறேம்மா" என்று போனான்.

"ஹலோ."

நான் குழாயை மூடினேன்.

"ஹலோ?... ஹலோ! யாருமில்லம்மா, ஏதோ டொக்கு டொக்குனு லைன் கோளாறு. வச்சிடறேன்."

"வைக்காதேடா!"

ஈரக் கையோடு ஓடினேன். வழுக்கி விழுந்திருப்பேன், கதவைப் பிடித்துக்கொண்டேன். அவன் பயந்துபோய் ரிசீவரை நீட்டியபடியே நின்றான்.

"என்னம்மா? யாரு?"

"வெண்கலம் அத்தை பேசுறாங்க."

அவன் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒண்ணும் கேக்கலியே. என்ன சொல்றாங்க?"

வாங்கி என் நல்ல காதில் வைத்தேன். தகர வாளியில் தண்ணீர் சொட்டுகிறது. அதற்கு மேலே, தெளிவாக, டொக், டொக்.

"டீக்குக் கூப்பிடுறாங்க" என்றேன். "நீ போய் அடுப்ப மூட்டு, எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."